வெளுத்துக் கட்டுகிறார்கள்

"யே தூ ஹை க்யா?"

கல்லூரி கவுண்டரில் இருந்தவர் கேட்டார். நீதானா இது?

கேட்டது என் தங்கை மகளிடம். பன்னிரண்டாம் வகுப்பில் 78 சதவீதம் வாங்கியவள். பி.காம். சேர இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றவள். அவர் கையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று ஆதார் அட்டையில் இருந்தது. இன்னொன்று முந்தின நாள் சாயங்காலம் மும்பை விக்ரோலி மேற்கில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ். ஆதாரில் இருந்தவள் எங்கள் வீட்டுப் பெண். பாஸ்போர்ட் சைஸில் இருந்தவளை எங்களுக்கே தெரியாது. சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு கண் வரைந்தது போல இருந்தாள். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைக் காணோம். நெற்றித் தழும்பையும் காணோம். மூன்று வயதில் எங்கள் பார்க்சைட் மலைப்படியில் தண்ணீர்க் குடத்தோடு விழுந்து வாங்கிய தழும்பு அது. பதினைந்து வருடச் சொத்து. மவுஸின் ஒரு இழுப்பில் போய்விட்டது.

ஆதார் படத்தில் இருப்பவரைப் பெற்ற தாய்கூட அடையாளம் காண மாட்டாள். இது நாடறிந்த விஷயம். அந்தப் படமே நிஜத்துக்கு இவ்வளவு பக்கம், இந்தப் படம் அவ்வளவு தூரம் என்றால் ஸ்டுடியோக்காரனின் கைத்திறனை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கவுண்டர்காரர் வேறு படம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் முன்னால் நின்றது ஒரு பெண், தாளில் இருந்தது ஒரு ட்யூப்லைட்.

நேராக ஸ்டுடியோவுக்குப் போனோம். "யாருப்பா வெளுக்கச் சொன்னது?"

"சப் கா கர்தே ஹை, அங்கிள். தோடா கோரா."

எல்லாருக்கும் செய்வதுதானாம். கொஞ்சம் வெளுப்பாம். சொன்ன பையன் எங்களைவிட ஒரு சுற்று கறுப்பு. அவன் தலைக்கு மேலே சுவரில் மாதிரிப் படங்கள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்று அவனுடையது. அதில் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தான்.

கேட்காமல் பாக்கெட்டில் கை விட்டால் திருட்டு. கேட்காமல் முகத்தில் கை வைத்தால் சர்வீஸ்.

அந்தப் பையனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவன் கடைசிக் கண்ணி. சங்கிலியின் அடுத்த முனையைப் பார்க்க விக்ரோலிக்காரன் அதிக தூரம் போக வேண்டியதில்லை. ரயில் பாலம் ஏறிக் கிழக்கே இறங்கினால் போதும்.

1951. நாட்டின் முதல் பொதுத் தேர்தல். அதற்கான இரும்பு ஓட்டுப்பெட்டிகளை விக்ரோலியில்தான் செய்தார்கள். கோத்ரெஜ் ஆலையில், 12 லட்சத்துக்கும் மேல். கறுப்பன் போட்டாலும் சிவப்பன் போட்டாலும் சீட்டுக்கு ஒரே மதிப்பு என்று அந்தப் பெட்டி சொன்னது. இந்த ஊருக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. 1999-ல் அதே குழுமத்தின் சோப்புக் கம்பெனி, அதே விக்ரோலியில் தலைமையகம் வைத்துக்கொண்டு, 'ஃபேர்குளோ' என்று ஒரு சோப்பைக் கொண்டுவந்தது. சிவப்பழகு சோப்பு. ஓட்டுப்பெட்டிக்கும் சோப்புப்பெட்டிக்கும் நடுவே 48 வருடம். சாயம் வெளுக்க அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இதே குழுமம் தலைச்சாயமும் விற்கிறது. ஆகவே கணக்கு இப்படி. தலையில் கறுப்பு போனால் கவலை, வாங்கிப் பூசு. முகத்தில் கறுப்பு இருந்தால் கவலை, வாங்கிக் கழுவு. நெற்றிமேடுதான் எல்லை. அங்கே ஒரு சுங்கச்சாவடி. மேலே போனாலும் கட்டணம், கீழே வந்தாலும் கட்டணம்.

பார்க்சைட்டில் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தாத்தாக்கள் தாராவித் தோல் கிடங்குகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். அந்தக் காலத்தில் நாம் மாட்டுத் தோலைப் பதப்படுத்தினோம். கூலி கொடுத்தார்கள். இப்போது நம் தோலைப் பதப்படுத்துகிறார்கள். காசு நாம் கொடுக்கிறோம்.

1960-களில் இந்த நகரத்தில் தெற்கத்தியானை விரட்டக் கோஷம் போட்டபோது, முதலில் அடி விழுந்தது லுங்கிக்கு, அடுத்தது நிறத்துக்கு. 'காலா மதராசி' என்பார்கள். ரயிலில், ரேஷன் கடையில், மில் வாசலில். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அதே ஆள், மகனுக்குப் பெண் பார்க்கும்போது தரகரிடம் என்ன கேட்டார்? "பொண்ணு செவப்பா இருக்குமாய்யா?"

தெருவில் வாங்கிய வசவை வீட்டில் வைத்துக் குட்டி போட வைத்தவர்கள் நாம்.

நம் பேச்சையே கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "பொண்ணுக்கு நல்ல குணம், நல்ல படிப்பு, கொஞ்சம் நெறம் கம்மி." கம்மி! அரிசி கம்மி, சம்பளம் கம்மி என்பது போல. கறுப்பு ஒரு நிறம் இல்லையாம், நிறத் தட்டுப்பாடாம். ரேஷனில் போட்டிருந்தால் நாமும் வரிசையில் நின்று வாங்கியிருப்போம். பிறகு இந்த 'மாநிறம்'. கல்யாண விளம்பரத்தில் கரியிலிருந்து சாம்பல் வரை எல்லாமே மாநிறம். சங்கப் புலவர்கள் மாமை என்று கொண்டாடியது மாந்தளிரின் நிறத்தை. அதுதான் அழகு. தலைவன் பிரிந்து போய், தலைவி வெளிறினால் அதற்குப் பெயர் பசலை. அது நோய். தோழி கலங்கினாள், செவிலி விசாரித்தாள், வேலனைக் கூப்பிட்டு வெறியாட வைத்தார்கள். இன்று அதே பசலையை ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். தாயே கடைக்குப் போய் வாங்கி வருகிறாள்.

அந்த ட்யூபின் கதைக்கு வருகிறேன்.

1975. நெருக்கடிநிலை வந்த வருடம். ஹிந்துஸ்தான் லீவர் 'பேர் அண்ட் லவ்லி'யைச் சோதனைக்காகச் சந்தையில் இறக்கிய வருடமும் அதுதான். எங்கே இறக்கினார்கள்? தென்னிந்தியாவில். எலி நாம்தான். 1978-க்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. நெருக்கடிநிலை 21 மாதத்தில் முடிந்தது. இது முடியவில்லை.

சோதிக்கத் தெற்கு ஏன் என்று கேட்காதீர்கள். நோய் இருக்கும் ஊரில்தானே மருந்து விற்கும். என்ன நோய்? வெயில்.

அடுத்த கால் நூற்றாண்டு விளம்பரங்களை நாற்பது தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கறுப்பான மகள். ஓய்வு பெற்ற அப்பா. வீட்டில் காசில்லை. எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் என்று அப்பா பெருமூச்சு விடுவார். மகள் காதில் அது விழும். ட்யூப் வரும். சில வாரத்தில் மகள் வெளுப்பாள், விமானப் பணிப்பெண் ஆவாள், அப்பாவைக் காபிக்கு அழைத்துப் போவாள். முப்பது விநாடியில் பெண் பிள்ளைக்கு ஒரு அறை, கறுப்புக்கு ஒரு அறை, ஏழைக்கு ஒரு அறை. இந்தச் சிக்கனம் நம் அரசாங்கத்தில்கூட இல்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் கம்பெனியிடம் புகார் கொடுத்தது, மனித உரிமை ஆணையம் வரை போனது. 2003-ல் மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். அதே 2003-ல் கம்பெனி ஓர் அறக்கட்டளை தொடங்கியது. பேர் அண்ட் லவ்லி அறக்கட்டளை. வேலை? பெண்களுக்குக் கல்வி உதவித்தொகை. படிப்பு போதாது, நிறம் வேண்டும் என்று கால் நூற்றாண்டு சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு படிக்க வைத்தார்கள்.

ஆண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிப்பு 2005-ல் நின்றது. இமாமி 'பேர் அண்ட் ஹேண்ட்சம்' கொண்டுவந்தது. பெண்கள் க்ரீமைத் திருட்டுத்தனமாகப் பூசுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டது விளம்பரம். எதற்குப் பூச வேண்டும் என்று கேட்கவில்லை. ஆம்பளைக்குத் தனி ட்யூப் என்றது. 2007-ல் ஷாரூக் கான் வந்தார். அதன் பிறகு மீசை முளைக்கும் முன்னாலேயே பையன்கள் மெடிக்கல் ஸ்டோர் வாசலில் நின்றார்கள். 2012-ல் பெண்களுக்காக வந்த ஒரு விளம்பரம் இந்த வெளுப்பை உடம்பின் இன்னொரு இடம் வரை கொண்டுபோனது. குடும்பப் பத்திரிகை இது, இடத்தைச் சொல்ல மாட்டேன். சூரியன் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பிறகு 2020 வந்தது.

மே 25. அமெரிக்காவில் மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். ஜூன் 25. சரியாக ஒரு மாதம். லீவரின் தாய்க் கம்பெனியான யூனிலீவருக்கு ஞானம் பிறந்தது. பேர் என்ற சொல்லை எடுக்கிறோம் என்று அறிவித்தது. 45 வருடம் இங்கே பெண்கள் அழுதார்கள், கல்யாணம் தட்டிப்போனது, வேலை தட்டிப்போனது, மாதர் சங்கம் தெருவில் இறங்கியது. சென்னையிலிருந்து 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்பியது, நந்திதா தாஸ் குரல் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. எட்டாயிரம் மைல் தள்ளி ஒரு மனிதர் செத்த பிறகு கேட்டது. நம் கறுப்பு உள்ளூர்க் கறுப்பு. அதற்கு மார்க்கெட் இல்லை.

ஜூலையில் புதுப் பெயர் வந்தது. குளோ அண்ட் லவ்லி. பெயர் மாற்றுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1995-ல் பம்பாய் மும்பை ஆனது. பார்க்சைட்டில் தண்ணீர் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. அதே ரோஜா நிறப் பெட்டி, அதே லவ்லி. எங்கள் தெரு மெடிக்கலில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொன்னால் கடைக்காரர் புது ட்யூபைத்தான் எடுத்து வைக்கிறார். அவருக்குக் குழப்பமே இல்லை. வாங்குகிறவருக்கும் இல்லை. குழப்பம் பத்திரிகைச் செய்தியில் மட்டும்தான் இருந்தது.

இதில் ஒரு கிளைக்கூத்து. ஆண்கள் க்ரீமுக்கு 'குளோ அண்ட் ஹேண்ட்சம்' என்று லீவர் பெயர் வைத்தது. அது என் பெயர் என்று இமாமி சண்டைக்கு வந்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாடு முழுக்க முடங்கிக் கிடந்த கொரோனா வருடம். நடந்தே ஊருக்குப் போனவர்களின் கால் கொப்புளம் ஆறவில்லை. அந்த நேரத்தில் நம் முகத்துப் பளபளப்பு எந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்குச் சொந்தக்காரனை யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

அந்த ஜூன் மாதம் கல்யாண இணையதளம் ஷாதி டாட் காமும் தோல் நிறத்தைப் பார்த்து வடிகட்டும் வசதியைத் தூக்கியது. அது எந்த வேலையும் செய்யவில்லை, எடுக்க மறந்துபோன பழைய குப்பை என்று விளக்கம் சொன்னது. குப்பையை எடுக்க மறப்பது மாநகராட்சியின் தனி உரிமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சொல்லை எடுத்துவிட்டார்கள். சரி. விற்பனைக்கு வேறு சொல் வேண்டுமே. அங்கேதான் சாமர்த்தியம்.

2014-லேயே விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதி போட்டிருந்தது. கறுப்பானவரைச் சோகமானவராக, மனம் உடைந்தவராக, வாழ்க்கையில் பின்தங்கியவராகக் காட்டக் கூடாது என்றது. இந்தக் கவுன்சிலை நடத்துவது விளம்பரத் தொழிலே. ஆட்டுக்குட்டிகளின் பாதுகாப்புக்கு ஓநாய்கள் அமைத்த கமிட்டி. ஆனாலும் விதி விதிதான். எனவே விளம்பரத்துப் பெண் இப்போது கறுப்பு இல்லை. அவள் 'டல்'. டல் என்றால் என்ன? பல்பு டல்லாகும், வியாபாரம் டல்லாகும். பதினெட்டு வயதுப் பெண்ணின் கன்னம் எப்படி டல்லாகும்?

அடுத்தது 'டேன்'. இது பியூட்டி பார்லரின் கொடை. விக்ரோலி ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழியில் நான்கு பார்லர். நான்கிலும் 'டீ-டேன்' போர்டு தொங்குகிறது. வெயிலில் அலைந்து ஏறிய கறுப்பை எடுத்துத் தருவார்களாம். அதாவது உள்ளே நீ வெள்ளை, மேலே படிந்த தூசுதான் இந்தக் கறுப்பு. என் தங்கை மகளும் போன வருடம் சொன்னாள், "மாமா, நான் ரொம்ப டேன் ஆயிட்டேன்." நான் சொன்னேன், "யம்மா, ஒங்க ஆச்சி டேன், பூட்டி டேன், அதுக்கு முன்னால பாண்டியன் காலத்துலேர்ந்தே நாம டேன்தான்." சிரித்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

கம்மி என்று வீட்டில் சொன்னோம். டல் என்று டிவி சொன்னது. டேன் என்று பார்லர் சொல்கிறது. பொருள் ஒன்றே, பொட்டலம்தான் வேறு.

இப்போது இன்னொரு பொட்டலம் வந்திருக்கிறது. அதன் பெயர் தன்னம்பிக்கை. அதே யூனிலீவருக்கு 'டவ்' என்றொரு சோப்பு உண்டு. 2004-லிருந்து அந்த சோப்பு உலகப் பெண்களுக்கு 'நிஜ அழகு' போதிக்கிறது. நீ இருக்கிறபடியே அழகு என்கிறது. 2021-ல் இந்தியாவில் 'அழகுத் தேர்வை நிறுத்துங்கள்' என்று பிரச்சாரம். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தையும் எடையையும் வைத்து மார்க் போடுவது கொடுமை என்று அந்த விளம்பரப் படம் உருகியது. நானும் உருகினேன். பிறகு சோப்பைத் திருப்பிப் பின்பக்கத்து விலாசத்தைப் பார்த்தேன். தேர்வை நடத்தியதும் இதே வீடுதான். கேள்வித்தாளும் இவர்களுடையது, கோனார் நோட்ஸும் இவர்களுடையது, தோற்றவனுக்கு ஆறுதல் பரிசும் இவர்களுடையது. மூன்றுக்கும் ரசீது நம் பெயரில்.

'உன்னை நேசி' என்று சொல்வதற்குக்கூட இப்போது ஒரு ஸ்பான்சர் வேண்டியிருக்கிறது.

இந்தக் க்ரீம் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கு. டெல்லியில் 2013-ல் ஒருவர் 79 ரூபாய் கொடுத்துப் பேர் அண்ட் ஹேண்ட்சம் வாங்கினார். பூசினார். வெளுக்கவில்லை. நுகர்வோர் மன்றம் போனார். மன்றத்தில் கம்பெனி சொன்ன பதிலைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும். க்ரீம் மட்டும் போதாதாம். சரிவிகித உணவு வேண்டும், உடற்பயிற்சி வேண்டும், சுத்தமான நல்ல பழக்கங்கள் வேண்டும். அடப்பாவிகளா! இதெல்லாம் இருந்தால் எவனும் பளபளப்பாகத்தான் இருப்பான். நடுவில் உன் ட்யூப் எதற்கு? இந்த நிபந்தனைகளைப் பெட்டியில் ஏன் அச்சடிக்கவில்லை என்று மன்றமும் கேட்டது. மேல்முறையீடு, மறுவிசாரணை எல்லாம் கடந்து 2024 டிசம்பரில் 14.5 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. 79 ரூபாய்க்குப் பதினொரு வருடம். அதற்குள் அந்த மனிதருக்கு முடி வெளுத்திருக்கும். ஏதோ ஒன்று வெளுத்ததல்லவா!

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1954-ல் போட்ட மருந்து மற்றும் மந்திர வைத்திய விளம்பரச் சட்டம். 2020 பிப்ரவரியில் அதற்கு ஒரு திருத்த வரைவு வந்தது. சிவப்பாக்குகிறேன் என்று விளம்பரம் செய்தால் முதல் தடவை இரண்டு வருடம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். திரும்பச் செய்தால் ஐந்து வருடம் வரை, 50 லட்சம் வரை. படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் ஸ்வீட் கொடுத்தார். நல்ல மனுஷர். வரைவு என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. வரைவு வரைவாகவே இருக்கிறது. நடுராத்திரியில் நோட்டு செல்லாது என்று சொல்லத் தெரிந்த நாட்டில், நோட்டீஸ் செல்லாது என்று சொல்ல வழி தெரியவில்லை.

இதுவரை சொன்னது பெரிய கம்பெனி. பெயர் உண்டு, விலாசம் உண்டு, உருகும் விளம்பரம் உண்டு. அதற்குக் கீழே ஒரு பாதாளம். ட்யூபில் வெளுக்காதவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். படை, அரிப்புக்குப் போடும் ஸ்டீராய்டு களிம்பை முகத்துக்குப் பூசுகிறார்கள். முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலியும், முடி முளைக்கும், பரு வெடிக்கும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசம். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் அரசு உத்தரவு போட்டது. டாக்டர் சீட்டு கேட்டால் எங்கள் ஊர் மெடிக்கலில் சிரிப்பார்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை டாக்டர்கள் துருவினார்கள். பலருக்கும் ஒரே பழக்கம். லேபிள் சரியில்லாத வெளுப்புக் க்ரீம், உள்ளே பாதரசம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று சோதனை நடத்தியது. பெயர் வைப்பதில் மட்டும் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. மெலனின் என்பது வெயிலுக்கு உடம்பு பிடிக்கும் குடை. குடையைக் கிழிக்கக் காசு கொடுத்து, கடைசியில் சிறுநீரகத்தையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

சினிமாவை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தமிழன் பிழைக்க மும்பைக்கு ரயில் ஏறினான். தமிழ் சினிமாவின் கதாநாயகி மும்பையிலிருந்து விமானம் ஏறினாள். மதுரைப் பெண்ணாக நடிக்க அந்தேரியிலிருந்து ஆள் போனது. ஆனால் அதே மும்பையின் தாராவியில் தமிழ்ப் பெண்களே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். யாருக்கும் கண் தெரியவில்லை. 2007-ல் 'சிவாஜி'. அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்காக ரஜினியையே வெளுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோலைக் கம்ப்யூட்டரில் எடுத்து அவர்மேல் ஒட்டினார்கள். அதே படத்தில் இரண்டு பெண்களுக்குக் கரி பூசி, சிரிக்கச் சொல்லி நம் முன்னால் நிறுத்தினார்கள். பெயர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் பிள்ளைகளை வைத்து நிறத்துக்கு ஜோக் அடித்தோம். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். மறைப்பானேன்? எனக்கு அடுத்த சீட்டில் யாரோ ஒரு கறுப்புப் பெண் உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு கோடி ரூபாய் க்ரீம் விளம்பரத்தை சாய் பல்லவி வேண்டாம் என்றார் என்று 2019-ல் செய்தி வந்தது. நாடே வியந்தது. பொய் சொல்லக் காசு வாங்க மறுத்தால் தலைப்புச் செய்தி. அந்த அளவுக்கு வந்திருக்கிறோம்.

விளம்பரத்தால் யாரும் செத்துவிடுவதில்லை, பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே என்று ஒரு வாதம் உண்டு. அதைச் சொல்பவர் விக்ரோலியிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை வரட்டும்.

2024 மே 13. காட்கோபர், சேடா நகர். நெடுஞ்சாலை ஓரத்தில் 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40-க்கு 40. அதாவது ஒன்பது பலகைகளைச் சேர்த்து ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் வேறு. நிறுத்திய நிறுவனத்தின் பெயர் ஈகோ மீடியா. நான் வைத்த பெயர் இல்லை, பதிவான பெயரே அதுதான். பலகை கண்ணில் படாமல் மறைத்த மரங்களுக்கு விஷம் வைக்கப்பட்டதாக மாநகராட்சியே போலீசில் புகார் கொடுத்திருந்தது. சாயங்காலம் புழுதிக்காற்று அடித்தது. ஜனங்கள் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஒதுங்கினார்கள். பலகை அவர்கள்மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். இடம் ரயில்வே போலீசுடையது, நாங்கள் அனுமதிக்கவில்லை என்றது மாநகராட்சி. அனுமதி முறைப்படிதான் என்றது அடுத்த பக்கம். 14,400 சதுர அடி யார் கண்ணிலும் படவில்லையாம். கண்ணில் படுவதற்காகவே கட்டிய பொருள் அது.

சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது? 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் தண்ணீர் லாரிக்கு அடியில் போனாள். அந்த மாதிரி பேனர்களில் தலைவர்கள் எல்லாரும் ரோஸ் பவுடர் நிறத்தில் சிரிப்பார்கள். திராவிடம் பேசி, கறுப்புச் சட்டை போட்டு, கறுப்புக்கொடி காட்டிய பூமி அது. முகத்துக்கு மட்டும் வெள்ளை.

இதையெல்லாம் நான் பேசினால் வீட்டில் பெரிசு ஆரம்பிச்சிட்டார் என்கிறார்கள். தங்கை மகள் ஒரு கேள்வி கேட்டாள். கவுண்டரிலிருந்து திரும்பும்போது, ஷேர் ஆட்டோவில், எல்.பி.எஸ். ரோடு டிராபிக்கில் மாட்டி நின்றபோது. அந்த வெளுத்த படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது நல்லாத்தான இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. 1951, 1975, 2014, 2020 என்று என்னிடம் இருந்த வருடமெல்லாம் அந்த ஆட்டோவில் உதவவில்லை. "நெத்தித் தழும்பைக் காணோமே" என்றேன். தடவிப் பார்த்துக்கொண்டாள். இருந்தது.

மறுபடி அதே ஸ்டுடியோ. அவளே உட்கார்ந்தாள். அவளே சொன்னாள், "ஜைசா ஹை வைசா." எப்படி இருக்கிறதோ அப்படியே. பையன் தலையைச் சொறிந்தான். அது கஷ்டம் என்றான். சாப்ட்வேரில் செட்டிங்கே அப்படி, படத்தைப் போட்டதும் தானாக வெளுத்துவிடும். பழையபடி ஆக்க ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். மச்சம் தனி, தழும்பு தனி, கறுப்பு தனி.

"பீஸ் ருப்யா எக்ஸ்ட்ரா லகேகா, அங்கிள்."

வெளுப்பு இலவசம். சொந்த நிறத்துக்கு 20 ரூபாய். கொடுத்தேன். பில் கேட்டு வாங்கினேன். அதில் எழுதியிருந்தான்: கலர் கரெக்‌ஷன்.